வலப்பக்கம் திரும்பியவள்

சினிமாக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சினிமா பார்ப்பதைவிடக் கொடுமையான தண்டனையை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே, ஓய்வுபெற்ற ஸ்டூடியோ ஆட்களுக்காக நடக்கும் அந்த இல்லத்தில் சனிக்கிழமை மதியந்தோறும் இந்தத் தண்டனை உண்டு. செட்டில் தச்சு வேலை பார்த்தவர் படிக்கட்டுகளை மட்டும் பார்ப்பார். விக் வைத்துவிட்ட அம்மாள் கதாநாயகியின் நெற்றியோரத்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். ஒலிப்பதிவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பத்து நிமிடத்தில் குறட்டையும் விடுவார். எழுத்துப் போடும்போது தன் பெயர் வந்தால் கைதட்டுவார்கள், அடுத்தவர் பெயர் வந்தால் இருமுவார்கள். கதாநாயகன் கதாநாயகியைக் கடைசியில் கட்டிக்கொண்டானா இல்லையா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வெல்டா நார்த்ரப் இந்தச் சனிக்கிழமைக்கு லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காதில் முத்துக் கம்மல் வேறு.

"என்னடி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவ மாதிரி வந்து நிக்கிறே?" என்றாள் பெர்னீஸ். ஒரு காலத்தில் இருவரும் ஒரே வரிசையில் ஆடியவர்கள். இப்போது அடுத்தடுத்த அறை.

"சாவு வீட்டுக்கு."

"யாரு செத்தது?"

"இன்னும் முடிவாகல. படம் முடியட்டும், சொல்றேன்."

அன்றைய படம் 'ரியோவில் மழையில்லை'. ஊரெல்லாம் பார்த்த படம். வெல்டா மட்டும் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் போடும் இரவுகளில் துணி துவைப்பாள். அது அவள் ஆடிய கடைசிப் படம்.

அந்தப் படத்தின் நீரூற்று ஆட்டம் பெரிய பெயர் வாங்கியது. வெள்ளை சாட்டின் உடுத்திய நாற்பது பெண்கள் வட்டமாகப் படுத்து, எழுந்து, திரும்ப வேண்டும். கேமரா கூரையில் தொங்கும். ஆட்டம் அமைத்தவர் கார்லைல் ஸ்டோடார்ட். அவருக்கு ஒரு பழக்கம். பெண்களைப் பார்த்தபடி நின்று, தன் கையை வைத்தே பக்கம் சொல்வார். அவர் 'வலது' என்றால் பெண்களுக்கு அது இடது. முதல் வாரத்தில் நாலு பேர் முட்டி மோதிக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும். அவர் சொன்னதைச் செய்யாமல் நினைத்ததைச் செய்பவள்தான் அவரிடம் நல்ல ஆட்டக்காரி.

படப்பிடிப்பின் கடைசி நாள் விடிந்ததிலிருந்து தண்ணீரில் நின்றார்கள். மேலே கேமரா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்டோடார்ட் மெகாபோனில் "வலது!" என்று கத்தினார். மற்ற எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். களைப்பில் மூளை நின்றுபோன வெல்டா அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே செய்தாள். வலப்பக்கம் திரும்பினாள்.

மறுபடி எடுக்க முடியவில்லை. தொட்டி விரிசல் விட்டு, செட்டில் கட்டிய ரியோ நகரம் முழுக்கத் தண்ணீர் ஒழுகிவிட்டது. ஓரத்தில் நிற்கும் ஒருத்தியை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று தயாரிப்பாளர் முதலாளி சொல்லிவிட்டார். ஸ்டோடார்ட் மட்டும் விடவில்லை. அதே மெகாபோனில், அத்தனை பேர் முன்னால், "வலது கை எது, இடது கை எதுன்னு தெரியாத கழுதை, வீட்டுக்குப் போ" என்றார். பெண்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி எல்லா ஸ்டூடியோவுக்கும் போய்விட்டது. அந்த ஊரில் நல்ல செய்திக்குத்தான் கார் கிடைக்காது. அப்புறம் எந்த வாசலிலிருந்தும் அவளுக்கு அழைப்பு வரவில்லை.

இப்போது ஸ்டோடார்ட் இதே இல்லத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது. சாப்பாட்டு மேசையில் தினமும் அவளிடம் உப்பு கேட்பார், நர்ஸ் என்று நினைத்து மாத்திரையும் கேட்பார். இன்று திரையில் அந்தத் திருப்பம் வரும்போது அவர் பார்க்க வேண்டும். பார்த்து, அன்றைக்குப் போலவே அத்தனை பேர் முன்னால், 'நான் சொன்னதைத்தான் இந்தப் பெண் செய்தாள், நான் விரட்டியது தப்பு' என்று சொல்ல வேண்டும். வெல்டாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படத்தைக் கொண்டுவந்தவர் லிப்மன் என்ற பேராசிரியர். தாடி, கார்டுராய் கோட்டு, படம் பார்ப்பதற்கென்றே வாங்கிய டாக்டர் பட்டம். நாற்பது வருஷமாக வெட்டி வெட்டி ஓட்டிய படத்தின் முழுப் பிரதி எங்கோ ஒரு கிடங்கில் அவருக்குக் கிடைத்திருந்தது. புதையல் எடுத்தவரின் களை முகத்தில் இருந்தது.

படம் ஓடியது. கோடீஸ்வரன் ஒருவன் ஹோட்டல் சிப்பந்தியாக வேஷம் போடுகிறான், சிப்பந்திப் பெண் ஒருத்தி கோடீஸ்வரியாக வேஷம் போடுகிறாள். இருவரும் சமமான முட்டாள்கள் என்பதால் முக்கால் மணி நேரம் கதை நகர்கிறது. பேச வேண்டிய இடத்திலெல்லாம் பாடுகிறார்கள். தென்னை மரங்கள் காற்றில் ஆடவில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எப்படி ஆடும்?

"அந்தப் படிக்கட்டு என்னுது," என்றார் தச்சர்.

"உன் படிக்கட்டுல விழுந்துதான் அவளுக்கு விக்கே கழண்டுச்சு," என்றாள் விக் அம்மாள்.

பிறகு நீரூற்று ஆட்டம் வந்தது. வெல்டா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கேலி பேசத் தயாராக வந்தவள்தான். ஆனால் கேமரா மேலே போகப் போக, படுத்திருந்த வெள்ளை உடைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. வயலின்கள் ஏறின, தண்ணீர் மினுங்கியது. செருப்புக் கடியும், குளிரும், பசியும், திட்டும் ஒன்றுகூட அதில் பதிவாகவில்லை. இவ்வளவு அழகாகவா இருந்தோம் என்று நினைத்தாள். கீழே நின்று ஆடியவளுக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. நாற்காலிக்கு அடியில் கால்கள் அவளைக் கேட்காமலே தாளம் போட்டன.

எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். ஓரத்தில் ஒருத்தி மட்டும் வலப்பக்கம் திரும்பினாள். ஒரு நொடி, அவ்வளவுதான். வட்டம் மூடிக்கொண்டது.

விளக்குகள் எரிந்ததும் பேராசிரியர் முன்னால் வந்தார்.

"கவனிச்சீங்களா? அந்த ஒருத்தி! பெரிய இயந்திரம் மாதிரி எல்லாரும் ஒரு பக்கம் போறாங்க. ஒரே ஒரு மனுஷி மட்டும் மறுக்கிறா. இந்தப் படத்தோட உயிரே அந்த ஒரு நொடிதாங்க. என் புத்தகத்துல இதுக்கு மட்டும் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன். தனி மனுஷனோட தனிமை, போருக்கு முந்தின ஐரோப்பாவோட பயம், எல்லாமே அதுல இருக்கு."

எல்லாமே இருந்தது, ஒரு பெண்ணின் சம்பளத்தைத் தவிர.

"மேல இருந்து எடுத்ததால முகம் தெரியல. அந்தப் பெண் யாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

பெர்னீஸ் எழுந்தாள்.

"நான்தாங்க அது."

வெல்டா அவள் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் இவள்.

"அடிப்பாவி! நீ அந்தப் பக்கம் நின்னவ!"

"உனக்கு என்னடி ஞாபகம் இருக்கு? நேத்து உன் கண்ணாடியவே நான்தான் தேடிக் குடுத்தேன்."

"இல்லைங்க, அது நான்," என்று பின்னாலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. பக்கத்து வரிசையில் மூன்றாவதாக ஒரு கை. ஒரு காலத்தில் நாய்க்குக்கூட வேண்டாத அந்தத் தப்புக்கு இப்போது அடிதடி. வெல்டா எழுந்து நின்றாள். "அது என்னோட தப்பு!" என்று கத்தினாள். தன் தப்பைப் பறிகொடுக்கும் நிலைமை வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பேராசிரியருக்கு 'தப்பு' என்ற சொல் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வரிசையின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஸ்டோடார்ட், நீங்கதான் சொல்லணும்."

ஸ்டோடார்ட் ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல எழுந்தார். திரையின் வெளிச்சம் அவரை எங்கோ தொட்டிருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. பெர்னீஸைக் கடந்தார், மற்ற இருவரையும் கடந்தார், வெல்டாவின் முன்னால் வந்து நின்றார்.

"இவதான்," என்றார். "நான் வலதுன்னு கத்தினேன். அத்தனை பேர்ல இவ ஒருத்திதான் வலது பக்கம் திரும்பினா. நான் சொன்னதைக் கேட்டவ இவ ஒருத்திதான்."

கூடம் முழுக்கக் கைதட்டல். தச்சர்கூடத் தட்டினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெல்டா வாயைத் திறந்தாள். எதை மறுப்பது? அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவள் கேட்க வந்ததில் பாதியை அவரே அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். மீதிப் பாதிதான் வரவில்லை. அவள் அதற்காக அவர் முகத்தையே பார்த்தாள். கள்ளத்தனம் இருந்தால் பிடித்துவிடலாம். துளியும் இல்லை. மெகாபோனும் கழுதையும் அந்த மண்டையிலிருந்து எப்போதோ ஒழுகிப் போயிருந்தன. அங்கே மிச்சம் இருந்தது நல்ல ஆட்டக்காரி ஒருத்தியின் ஞாபகம் மட்டும். நாற்பது வருஷமாக அவள் தீட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வேறு ஒரு ஆளுக்கானவை. அந்த ஆள் இப்போது எங்கேயும் இல்லை. அழுகை வந்தது. அழுதால் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று பெர்னீஸ் நினைப்பாள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

ஸ்டோடார்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அடுத்த படத்துக்கு நீ ஏன் வரல? உனக்குன்னே தனியா ஒரு ஆட்டம் யோசிச்சு வச்சிருந்தேன். எவ்வளவு தேடினேன் தெரியுமா?"

பெர்னீஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"கடையில கையுறை வித்துக்கிட்டிருந்தேன், மிஸ்டர் ஸ்டோடார்ட்," என்றாள் வெல்டா. "ஸ்டூடியோவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். தேடியிருந்தா கிடைச்சிருப்பேன்."