விஜிக்காக எழுதிய பட்டியலின் நான்காவது வரைவு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது கதையாகப் பிறக்கவில்லை. பெண்ணைப் பெண் காதலிக்கும் இக்கால நாவல்களைச் சிபாரிசு செய்து இரண்டு பக்கம் எழுதித் தரும்படி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசகர் வட்டம் நடத்தும் பெலிக்ஸ் அண்ணன் தன் காலாண்டு மலருக்காகக் கேட்டார். மாயக் கதை, பேய்வீட்டுக் கதை, சரித்திரக் கதை என்று வகைக்கு ஒன்று. "சுருக்கமா எழுதும்மா. படிச்சவுடனே வாங்கத் தோணணும், அம்புட்டுத்தான்" என்றார்.

ஒத்துக்கொண்டவள் அனுசியா. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இதை எழுதிக்கொண்டிருப்பவளும் அவள்தான். தன்னையே 'அவள்' என்று சொல்லிக்கொள்வது கூச்சத்தினால். வாசகர்கள் கண்டுகொள்ளாமல் இருந்தால் புண்ணியம்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "தற்காலச் சூழலில் பெண்களுக்கிடையிலான காதல் என்பது"

அடித்துவிட்டாள். அவளுக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது வரைவின் முதல் வரியிலேயே விஜி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

2

விஜிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில், நகல் பிரிவில் வேலை. தீர்ப்புகளைப் படியெடுக்க வேண்டும். எடுத்த படியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்த வேண்டும். ஐந்து வருஷமாக ஞாயிறுதோறும் அனுசியா பஸ் ஏறிப் போய் அவளுக்குப் புத்தகம் கொடுக்கிறாள். இந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் விஜியிடம் போய் வந்தவை, அல்லது போகக் காத்திருப்பவை.

மாயக் கதை: ஒரு நாட்டில் வரைபடம் வரைகிறவள் கோட்டைத் தள்ளிப் போட்டால் மலையே நகர்ந்துவிடும். எதிரிப் படையின் தலைவி மலைக்கு அந்தப் பக்கம் காயத்தோடு கிடக்கிறாள். இவள் மலையை ஒதுக்கி வைக்கிறாள். விஜி அதை இரண்டே நாளில் முடித்தாள். "நமக்கு நடுவுல மலையா இருக்கு? பன்னெண்டு கிலோமீட்டர் ரோடுதான இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு வாழைப்பழம் உரிக்கத் தொடங்கினாள். அனுசியாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பேய்வீட்டுக் கதை: தேயிலை மலையில் ஒரு பங்களா, ஒரு விதவை, அவளைக் கவனிக்க வரும் நர்ஸ், மாடியில் நடமாட்டம்.* அந்தப் பேய்க்கு யார் மேலும் கோபமில்லை. இவர்கள் இரண்டு பேரும் எப்போதுதான் வாயைத் திறப்பார்கள் என்ற பொறுமையின்மைதான்.

சரித்திரக் கதை: முத்துக்குளித்துறையில் முத்துகளைத் தரம் பிரிக்கும் இரண்டு பெண்கள். ஊரிடம் அக்கா தங்கச்சி என்று சொல்லி நாற்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். விஜி இன்னும் இதைப் படிக்கவில்லை. படிப்பதற்கு முன் அவள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாயிற்று.

"ஏட்டி, இதுல யாரும் சாவாளுகளா?"

"சாகமாட்டாளுக."

"சத்தியமா? போன தடவையும் இப்பிடித்தான் சொன்ன. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்தா எழுதுறவியளுக்கு என்ன வலிக்கு?"

(* பயப்படுகிறவர்கள் பகலில் படிக்கலாம். புத்தகங்களின் பெயர்கள் பெலிக்ஸ் அண்ணனின் மலரில் வரும். இங்கே போட்டால் நீங்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவீர்கள்.)

3

மில்லில் ஒவ்வொரு நூல் ரகத்துக்கும், நூல் சுற்றும் கோனின் நுனியில் ஒரு நிறம் உண்டு. ஒரே நிறத்தில் இரண்டு ரகம் கிடந்தால் கலந்துவிடும். அப்படிக் கலக்காமல் பார்த்துக்கொள்வது அனுசியாவின் வேலைகளில் ஒன்று. அந்தப் பழக்கத்தில் புத்தகங்களுக்கும் நிறம் பார்த்து அட்டை போட்டிருந்தாள். மாயத்துக்குப் பச்சை, பேய்க்குக் கறுப்பு, சரித்திரத்துக்கு மஞ்சள்.

மஞ்சள் தாள் கொஞ்சம் மிஞ்சியது. வரைவு எழுதும் நோட்டுக்கு அதைப் போட்டாள். பதினோரு வருஷம் அடுத்தவர் தப்பைப் பிடித்தவள் தானே ஒரே நிறத்தில் இரண்டு ரகத்தை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் விஜியிடம் மஞ்சள் அட்டையைக் கொடுத்தாள். திங்கட்கிழமை பையைத் திறந்தால், முத்து நாவல் பைக்குள்ளேயே இருந்தது.

விஜியிடம் போன நோட்டில் இருந்தது இது: "இந்த நாவல்கள் எல்லாவற்றையும் ஒருத்திக்காகவே தேர்ந்தெடுத்தேன். அவளை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். படிக்கும்போது கீழ் உதட்டைக் கடிப்பாள். நீல நிறம் பிடிக்கும். அவளிடம் நான்"

அங்கேயே நின்றுவிட்டது.

4

விஜி கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. விஜி இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அடுத்த ஞாயிறு தெரிந்துபோயிற்று. அப்படி இன்னொன்று அவளுக்கு வேண்டவே வேண்டாம். தோழி போனால் காதலும் போகும், ஞாயிறும் போகும்; பிறகு எதற்குப் புத்தகம்?

கை சும்மா இருக்காமல் பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் முடிவுகளை எழுதினாள். மூன்றாவது வரைவு என்பது இதுதான்.

முடிவு அ: விஜி நோட்டைத் திறக்கவே இல்லை. (பொய். விஜி மருந்துச் சீட்டைக்கூட விடாமல் படிக்கிறவள்.)

முடிவு ஆ: விஜியிடமிருந்து கடிதம் வருகிறது. "அன்புள்ள அனுசியாவுக்கு, இனிமேல்" (கை ஓடவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

முடிவு இ: வாசகர்களே, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கதைகளில் இதுதான் மரியாதையான வழி. பயந்தாங்கொள்ளிகளுக்கும் இதுதான் வழி.

5

செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. "மத்தியானம் கோர்ட்டு எதுக்க உள்ள டீக்கடைக்கு வா. நோட்டப் பாத்து முடிச்சிட்டேன்."

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். விஜி நோட்டை மேஜையில் விரித்து வைத்திருந்தாள். பக்கமெல்லாம் சிவப்பு மை. 'நீல' அடித்து 'பச்சை' என்றிருந்தது. 'கீழ் உதட்டை' அடித்து 'மேல் உதட்டை'. 'ஐந்து' அடித்து 'ஆறு'.

"ஆறா?"

"மழ பெஞ்சு எல்லாரும் ஓடிப்போன வாசகர் வட்டம் ஞாபகம் இல்லியா? நீதான் ஓடாம உக்காந்திருந்த. அன்னைக்கு மொதக்கொண்டு எண்ணு."

விஜியும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அனுசியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கோவமா விஜி?"

"பின்ன? ஒம்போது நாளா ஒரு போன் கெடையாது. மாறி வந்த நோட்டக் கேட்டு வாங்கணும்னு தோணலியா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குந்தான்." விஜி கடைசி வரியில் விரலை வைத்தாள். அங்கே மட்டும் சிவப்பு மை இல்லை. "இத ஏன் பாதில விட்ட?"

"நீயே முடிச்சிருக்கலாம்லா."

"மூலத்துல இல்லாதத நாங்க எழுதக் கூடாது. எம்புட்டுத் தெரிஞ்சாலும் கூடாது. எழுதுனவதான் எழுதணும்."

அனுசியா பையிலிருந்து மூன்று முடிவுகளையும் எடுத்துக் கொடுத்தாள். விஜி முதல் இரண்டையும் மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தாள். மூன்றாவதைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

"வாசகர்ட்டக் கொடுக்கவா? அவியளுக்கு என்ன தெரியும்? எனக்குன்னு எழுதுனத எங்கிட்டத்தான் முடிக்கணும்." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "எழுது. ரெண்டு மணிக்குத்தான் உள்ள போணும். செத்த நேரம் இருக்கு."

6

ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும். பேனாவை உங்கள் கையில் கொடுக்க வேண்டிய இடம் இது. அது ஏற்கெனவே வேறொருத்தி கையிலிருந்து அனுசியாவின் கைக்கு வந்துவிட்டது. பெலிக்ஸ் அண்ணனுக்கு மூன்று நாவல்களின் பட்டியலும் போய்ச் சேரும், மூன்றிலும் யாரும் சாவதில்லை என்ற உத்தரவாதத்தோடு. வாங்கிப் படியுங்கள். யாருக்காவது கொடுக்கத் தோன்றினால் அட்டையைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். பார்க்காமல் கொடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை என்பது அனுசியாவின் இப்போதைய கருத்து.

'அவளிடம் நான்' என்பதற்குப் பிறகு அன்று அவள் எழுதியது இந்த வரைவில் இல்லை. எந்த வரைவிலும் இருக்காது. விஜி அதை ஒரு தடவை வாசித்தாள். மேல் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தாள். பேனாவைத் திரும்ப வாங்கி மூடினாள். ஒரு திருத்தமும் போடவில்லை.