உள்ளங்கால்

காது பரிசோதனைக்கான கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம் ஏமாற்றியதுதான். ஹெட்ஃபோனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லியிருந்தாள் பரிசோதனை செய்யும் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் விசையைத் தட்டும்போதெல்லாம் அவளுடைய வலது தோள் லேசாக எழும்பி இறங்கியது. தோள் எழும்பினால் அழுத்தினேன். நாற்பத்தாறு வயதில் பரீட்சையில் காப்பியடித்தவன் நானாகத்தான் இருப்பேன். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பாதி நேரம் பொத்தானுக்கு வேலையே இல்லை.

அவள் கொடுத்த தாளில் ஒரு கோடு பாதி தூரம் ஒழுங்காக நடந்து, படிக்கட்டில் கால் தவறியவனைப் போலக் கீழே போயிருந்தது. கனமான சத்தங்கள் கேட்கும், மெல்லிய, கூரான சத்தங்கள்தான் போய்விட்டன, போனது திரும்பாது என்றார் டாக்டர். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே இருபத்தைந்து வருஷம் நின்றதன் பலன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கிட்டார் வாசிக்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனைவி என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பேசுகிறாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. உங்கள கடிச்சா தின்னுடப் போறாரு?"

"கடிக்க மாட்டாரு. ஆள மாத்திடுவாரு."

அதற்கு அவள் ஏதோ சொன்னாள். பேருந்து ஒன்று கடந்து போனதில் எனக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கேட்கவும் தைரியமில்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் இசைக்குழுவின் பாடகர், முதலாளி, எல்லாம் அவர்தான். அவரோடு கீபோர்ட் வாசிக்கும் அக்கா, டிரம்ஸ் வாசிக்கும் குள்ளன், நான். குள்ளன் ஆறடி உயரம். இவர்களைத் தவிர என் ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர். அதற்கும் குண்டன் என்று பெயர் வைத்திருந்தோம். இருபத்திரண்டு கிலோ, உள்ளே சூடானால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் கண்ணாடி வால்வுகள். இரண்டு வருஷமாக நான் வாசித்தது அதை நம்பித்தான். மேடைப் பலகையில் அதை என் கெண்டைக்காலுக்குப் பின்னால் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். ஒவ்வொரு ஸ்வரமும் பலகை வழியாக ஏறி வரும். விரல் தப்பினால் உள்ளங்கால் சொல்லிவிடும். மற்றதைப் பழக்கம் பார்த்துக்கொண்டது. வெறுங்காலோடு வாசிப்பதை மக்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெரிய ஹோட்டலில் வருஷம் முழுக்க வாசிக்க வாய்ப்பு வந்தது. ஒரே நிபந்தனை, மேடையில் ஆம்ப் வைக்கக் கூடாது. கிட்டார் ஒரு டிஜிட்டல் பெட்டிக்குள் போய், அங்கிருந்து நேராகச் சுவர் ஸ்பீக்கர்களுக்குப் போக வேண்டும். வாசிப்பவர்கள் காதுக்குள் இயர்ஃபோன் சொருகிக்கொண்டு கேட்க வேண்டும். அண்ணன் அந்தப் பெட்டியை வாங்கியே வந்துவிட்டார். செங்கல் அளவுதான். உலகத்தில் உள்ள நல்ல ஆம்ப்களின் சத்தமெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். காதுக்குள் சொருகிக்கொண்டால் என் பாடு முடிந்தது. பலகை இல்லை, அதிர்வு இல்லை, தூரத்தில் ஒரு கொசு மட்டும் இருக்கும். முதல் பாட்டிலேயே சாயம் வெளுத்துவிடும்.

அதனால் பேசினேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசியதில்லை. நிஜ வால்வின் சூடு என்ன, அதன் மூச்சு என்ன, நகல் நகல்தான் என்று பயிற்சி அறையில் நின்று முழங்கினேன். பயத்தில் பேசுபவனுக்கு நன்றாகவே பேச வருகிறது.

"அவ்வளவு சூடுன்னா அதுமேல டீயாவது போடலாமா சொல்லு. நானே தூக்கிட்டு வரேன்" என்றான் குள்ளன்.

அண்ணன் சிரிக்கவில்லை. "பேச்செல்லாம் வேணாம். நீ திரும்பி நில்லு. நான் ரெண்டுலயும் வாசிக்கிறேன். பத்து தடவ. எது எதுன்னு நீ சரியா சொல்லிட்டா, நீ சொல்றபடி."

சுவரைப் பார்த்து நின்றேன். மறுபடியும் சுவர். பின்னால் குள்ளன் ஒயரை மாற்றி மாற்றிச் சொருக, அண்ணன் என் கிட்டாரில் அதே நாலு ஸ்வரங்களை வாசித்தார். இரண்டு சத்தமும் எனக்கு ஒன்றுதான். சத்தியமாக ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அது பலகைத் தரை. குண்டன் தரையில் உட்கார்ந்திருந்தான். பெட்டியின் சத்தம் அவனுக்கு நேர் மேலே சுவரில் மாட்டிய ஸ்பீக்கரில் வந்தது. கால் கட்டைவிரலை அழுத்தி ஊன்றிக்கொண்டேன். நடுக்கம் வந்தால் "ஆம்ப்". வராவிட்டால் "பெட்டி".

பத்துக்குப் பத்து.

குள்ளன் ஒயரைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அண்ணன் வந்து கட்டிக்கொண்டார். "என்னா காதுடா உனக்கு!" என்று தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. ரொம்ப நல்ல மனுஷன். அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பார். ஆனால் பாராட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. கேட்டுக்கொண்டு நின்றேன்.

கொடுத்த வாக்குக்காக அங்கேயே ஹோட்டல் மேலாளருக்குப் போன் போட்டார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். போனை வைத்தபோது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, கூடவே ஏதோ ஒரு யோசனையும் இருந்தது.

"ஒத்துக்க மாட்டேங்குறான். பரவால்ல விடு. இப்படி ஒரு காத வெச்சுக்கிட்டு நாம ஏன் கவலப்படணும்? இந்தப் பெட்டில ஆயிரம் திருகு இருக்கு. குண்டன் சத்தம் இதுலயே வர மாதிரி நீயே வெச்சுக் குடு. கிட்டாருக்கு மட்டுமில்ல, கீபோர்ட், டிரம்ஸ், என் குரல், எல்லாத்துக்கும் இனிமே நீதான் காது."

அக்கா மட்டும் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடியாது என்று எந்த வாயால் சொல்வது? ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். அவர்கள் மூவரும் எதிரே நாற்காலி போட்டு, பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்களைப் போல அமர்ந்திருந்தார்கள். கம்பியை மீட்டினேன். போர்வைக்குள் யாரோ முனகினார்கள். கூரான சத்தங்களுக்கான ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டினேன். குண்டனில் அது பத்தோடு நின்றுவிடும். இதில் நிற்கவில்லை. அது முடிந்தால் அடுத்த பக்கத்தில் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கூட்டிக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் விரல் கம்பியைத் தொட்டதும் கேட்டுவிட்டது. கம்பியின் ஓரம், மீட்டும் பிளக்ட்ரம் வில்லை உரசும் அந்தச் சின்னக் கீறல், மேல் ஸ்தாயியில் ஸ்வரம் உடைந்து நூலாகப் பிரிவது, எல்லாம். எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் வராமல் இருந்திருக்கிறது. அழுகை வந்துவிட்டது. இதையா நகல் என்று திட்டினேன்!

"வந்துருச்சா?" அண்ணனின் உதடுகள் கேட்டன.

"வந்துருச்சுண்ணே."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். முழுச் சத்தத்தில். போட்டார்கள்.

எங்கள் முதல் பாட்டின் தொடக்கத்தை வாசித்தேன். அறை முழுக்க வெளிச்சம் போட்டது போல இருந்தது எனக்கு. நிமிர்ந்தபோது குள்ளன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து முகத்தைச் சுளித்திருந்தான். அண்ணன் பல்லைக் கடித்தபடி, கழுத்து நரம்பு புடைக்க என்னவோ கத்தினார். வாய் மட்டும் தெரிந்தது. சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கு இனிப்பாக இருப்பது அவர்களுக்கு ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. இனி சொல்வதற்கு ஒன்றுமில்லை, என் காது போனதை நானே எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிட்டேன். நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் இந்தச் சத்தம் மறுபடி கிடைக்காது என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் எழுந்து ஸ்பீக்கரின் விசைக்குக் கை நீட்டினார். அக்கா ஒரு காதைத் தோளோடு அழுத்திக்கொண்டு, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மிச்சமிருந்த கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். அந்தத் தொடக்கத்தில் இன்னும் எட்டு அடிகள் பாக்கி இருந்தன.