தலைவரின் உள்ளங்கால்

2024 ஏப்ரல் 29, திங்கட்கிழமை. வானில் மருந்துக்கும் மேகம் இல்லை. வாளையாற்றுக் கணவாய் வழியே வழக்கமாக வீசும் காற்றும் அன்று அடுப்பின் வாயிலிருந்து வருவதுபோல் வந்தது.

கஞ்சிக்கோட்டிற்கும் வாளையாற்றிற்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையைப் பராமரிக்கும் கூட்டத்தில் நான் ஒருவன், பெயர் ராக்கப்பன். அன்று நண்பகலில் நாங்கள் கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகையின் அருகே எங்கள் சங்கத் தலைவரை எதிர்பார்த்து நின்றிருந்தோம். எங்களுள் ஒருத்தியான சுப்பாத்தாளின் வாழ்க்கை அவரது நாவில் இருந்தது.

நடந்ததைக் கூறுகிறேன். அதிகாரிகள் பாதையைப் பார்வையிட டிராலி என்னும் தள்ளுவண்டியில் வருவர். மேலே இருக்கையும் குடையும் உண்டு. பின்னால் இருவர், ஆளுக்கொரு தண்டவாளத்தின் மீது கால் வைத்து ஓடியபடியே தள்ள வேண்டும். எங்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ள பூட்ஸ் இரும்பின் மேல் வழுக்கும். ஆதலால் தள்ளுவோர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஓடுவதே தொன்றுதொட்ட வழக்கம். காலையில் அது குளிர்ந்த இரும்பு. சித்திரை மாத நண்பகலிலோ தோசைக்கல்.

முந்தைய வாரம் மலையாளியான உதவிப் பொறியாளர் ஜோஜோ நண்பகலில் வந்தபோது தள்ளுவதற்குச் சுப்பாத்தாளை அழைத்தார். அவள் ஒரு காலைத் தண்டவாளத்தில் வைத்தாள், எடுத்தாள், மீண்டும் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். "மூணு மணிக்கு மேல தள்றனுங்க" என்றாள். அவ்வளவே. கீழ்ப்படியாமை என்று கூறி அவளை மங்களூருக்கு அப்பால் மாற்றுவதற்கான கோப்பு தயாராயிற்று. சுப்பாத்தாள் கணவனை இழந்தவள். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் ஆர்த்தியைத் தவிர அவளுக்கு வீட்டில் வேறு எவரும் இல்லை. தாய் வடக்கே சென்றால் மகள் தனித்திருக்க வேண்டும். அல்லது படிப்பை விட வேண்டும்.

எங்கள் தலைவர் முனீஸ்வரன் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு காலத்தில் டிராலி தள்ளியவர்; இப்போதும் ரயில்வே ஊழியர்தான். மேடை ஏறினால் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலை உயர்த்திக் காட்டி, "அட்டை கடிச்ச காலுடா இது! தண்டவாளத்துல வெந்த காலு!" என்று முழங்குவது அவரது வழக்கம். பன்னிரண்டு முதல் மூன்று வரை எவரும் டிராலி தள்ளக் கூடாது என்ற தீர்மானத்தையும் அப்படித்தான் நிறைவேற்றினார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

அவர் சாலை வழியே வருவார் என்று எண்ணியிருந்தோம். ஆனால் வளைவைத் தாண்டி வந்தது டிராலி. குடையின் கீழே பொறியாளர். அவரருகே, அதே குடையின் கீழே, எங்கள் தலைவர். அவர் கையில் தர்ப்பூசணித் துண்டு இருந்தது. சாறு தாடையில் வழிந்து சட்டைப்பைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விதைகளைத் தோளுக்குப் பின்னால் துப்பியவாறே வந்தார். பின்னால் இன்னொருவனோடு வெறுங்காலுடன் ஓடிவந்த எங்கள் ரிஜினின் ஈரச் சட்டையில் கறுப்பு விதை ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட அவனுக்குக் கை ஒழியவில்லை.

டிராலி நின்றது. ரிஜின் ஒரே தாவலில் கொட்டகை நிழலில் குதித்துத் தன் கால்களை மாறி மாறித் தடவினான்.

"என்னப்பா ராக்கப்பா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் தலைவர். "எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒத்துதீர்ப்பு, சமாதானம்! சாரு மனசு இறங்கிட்டாரு."

"என்னன்னுங்க பேசுனீங்க?" என்றேன்.

"சுப்பாத்தா இங்கேருந்து அந்தா தெரியுதே, அந்தக் கம்பம் வரைக்கும் ஒரே ஒரு தடவ தள்ளணும். ஒரு போட்டோ. சோலி முடிஞ்சது. மாத்தல் கெடையாது."

சுப்பாத்தாள்தான் கேட்டாள்: "இப்பவேங்களா?"

"பின்ன? சாருக்கு நேரமில்லம்மா."

"மூணு மணிக்கு மேல சொல்லுங்க. கம்பம் என்னங்க, வாளையாறு வரைக்கும் தள்ளிட்டு வர்றனுங்க."

பொறியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "மூணு மணி கழிஞ்சா எல்லாரும் தள்ளும். அதில் எந்து விசேஷம்?" என்றார்.

அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது வேலை அன்று. அவள் கால் வேகும் காட்சி. அதை வாங்கிக் கொடுக்கும் தரகராக எங்கள் தலைவர் வந்திருந்தார். நாங்கள் தேர்ந்தெடுத்து, மாலையிட்டு, தோளில் சுமந்த தலைவர்!

சுப்பாத்தாள் ஜல்லியின் மேல் அமர்ந்து ஒரு பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். அவள் ஆர்த்தியை நினைக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்தது. பொறியாளர் தம் கைப்பேசியை எடுத்து அவளுக்கு நேரே பிடித்தார். தலைவர் அடுத்த துண்டைக் கடித்தார். கடிக்கும் ஓசை அனைவருக்கும் கேட்டது.

அவள் கை கயிற்றிலேயே நின்றது. தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஏனுங் தலைவரே, மேடையில தூக்கிக் காமிப்பீங்களே, அந்தக் காலு இப்ப கூட வந்திருக்குதுங்களா? இல்ல, ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?"

ரிஜின்தான் முதலில் சிரித்தான்.

"முன்னால நீங்க நாலு எட்டு நடந்து காமிங்க. பின்னாலயே நான் தள்ளிக்கிட்டு வர்றனுங்க. என்ற புள்ள மேல சத்தியம்."

"அண்ணன் காலுக்கு இதெல்லாம் வெந்நீர் ஒத்தடமுங்க!" என்றான் ரிஜின். "நடங்கண்ணா, நடங்க!" என்று மற்றவர்களும் கூவினர்.

தலைவர் பொறியாளரைப் பார்த்தார், காப்பாற்றுவார் என்று. பொறியாளரோ கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார். "நடக்கட்டே முனீஸ்வரா. எனிக்கும் காணணும்."

தம் ஆட்களின் முன்னிலையில் அவரால் பின்வாங்க இயலவில்லை. "நடக்க மாட்டேன்னு நெனச்சீங்களாடா?" என்றபடி ஷூவையும் காலுறையையும் கழற்றினார். அந்தக் கால்களை நான் அன்றுதான் அருகில் கண்டேன். மேடையில் தூரத்திலிருந்து பார்த்து நாங்கள் நம்பிய காய்ப்பு எதுவும் இல்லை. மாவுபோல் வெளுத்து உப்பியிருந்தன; விரல் இடுக்குகளில் முகப்பவுடர் அப்பியிருந்தது. மல்லிகை மணம் வேறு.

தண்டவாளத்தில் ஏறினார். முதல் எட்டைச் சிரித்துக்கொண்டே வைத்தார். அடுத்ததில் சிரிப்பு கோணிற்று. அதற்கடுத்து, "ஆத்தாடி!" என்று அலறித் துள்ளிக் கீழே விழுந்தார். கீழிருந்த ஜல்லி தண்டவாளத்தைவிட இரக்கமுள்ளதன்று. கைகளை ஊன்றி எழ முயன்று மீண்டும் விழுந்தார்.

முதலில் ஓடியவள் சுப்பாத்தாள். தன் குடிநீர்ப் புட்டியைத் திறந்து அவர் பாதங்களில் கவிழ்த்தாள். எங்களில் நால்வர் அவரைத் தூக்கிக்கொண்டு சாலையோர ரயில்வே கேட் வரை நடந்தோம். "பைய, பைய தூக்குங்கடா! மாடா தூக்குறீங்க?" என்று வழியெல்லாம் திட்டினார். அவர் வாயின் தர்ப்பூசணிச் சாறு என் தோளில் ஒழுகியது.

பொறியாளரும் உடன்வர ரயில்வே மருத்துவமனையை அடைவதற்குள் இரு பாதங்களிலும் கொப்புளங்கள் எழுந்துவிட்டன. எப்படி நேர்ந்தது என்று மருத்துவர் வினவினார்.

"டியூட்டியில சார்," என்றார் தலைவர், சிறிதும் கூசாமல். "டிராலியோட வரும்போது. நம்ம சாரு சாட்சி."

வேலையில் பட்ட காயம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தால் ஆறும்வரை முழுச் சம்பளத்துடன் விடுப்பு. அதை அறியாத ரயில்வே தொழிலாளி இல்லை.

"நீ டிராலியில் இருந்நு தர்ப்பூசணி அல்லே தின்னது?" என்றார் பொறியாளர்.

"சார், நல்லா யோசிச்சுக்கோங்க. நீங்க எழுதலேன்னா நாளைக்கு இந்தக் கட்டோட ஆபீஸ் கேட் முன்னால வந்து உக்காருவேன். நீங்க போட்டோ எடுத்த கதையும் வெளிய வரும்."

பொறியாளர் எழுதினார். 'நண்பகல் வெப்பத்தில் சூடேறிய தண்டவாளத்தால் பாதங்களில் தீக்காயம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். தலைவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருப்தியுற்றார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். "ஏனுங் சார், தண்டவாளம் காலைச் சுடும்னு நீங்களே எழுதிட்டீங்க. அப்பறம் சுப்பாத்தாளக்காவ எதுக்குங்க மங்களூர் தாண்டி அனுப்பறீங்க? அந்தக்கா சொன்னதும் அதானுங்களே?"

பொறியாளர் தம் கையொப்பத்தை நோக்கினார். பிறகு தலைவரை நோக்கினார். சாக்கடையில் மிதித்தவர் தம் செருப்பை நோக்கும் பார்வை அது.

"மதி, போதும்," என்றார். "அந்த ஃபைல் இனி வேண்டா."

சுப்பாத்தாள் வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

அதுவரை முனகிக்கொண்டிருந்த தலைவர் எழுந்து அமர்ந்தார். "பாத்தியா! சங்கம் ஜெயிச்சிருச்சு! ஏ ராக்கப்பா, ஒரு போட்டோ எடு. காலு நல்லாத் தெரியணும்." கட்டுப் போட்ட இரு பாதங்களையும் உயர்த்திப் பிடித்தார். மேடையில் உயர்த்தும் அதே தோரணை.

நான் எடுக்கவில்லை. பொறியாளர் புறப்படும்போது என்னிடம் திரும்பினார். "நாளைக்கும் டிராலி உண்டு. பன்னிரண்டு மணி. சுப்பாத்தாள் வேண்டா. ராக்கப்பன் தள்ளும்."

நான் தலைவரைப் பார்த்தேன்.

"சாரு சொல்றாருல்ல, நாளைக்கு மட்டும் தள்ளிருப்பா," என்றார் அவர், தலையணையைச் சரிசெய்துகொண்டே. "நான்தான் லீவுல கெடக்கேனே. எந்திரிச்சு வந்து பேசி முடிக்கிறேன்."

வெளியே குழாயடியில் என் தோளைத் தேய்த்துக் கழுவினேன். பவுடரின் மணமும் தர்ப்பூசணியின் புளித்த வாடையும் போகவில்லை. சுப்பாத்தாள் தன் காலிப் புட்டியை நிரப்ப வந்தாள்.

"இருந்த தண்ணியெல்லாம் அந்தக் காலுக்கு ஊத்திட்டனே தம்பி" என்றாள். பின்பு, "நாளைக்கு நீ தள்றியா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கக்கா. மூணு மணிக்கு மேல."

அவள் புட்டியை மூடினாள். "அப்ப பன்னெண்டு மணிக்கு நானும் உன்ற கூடவே உக்காந்துக்கறேன்" என்றாள்.

அப்போது மாலை மணி ஐந்து இருபது; தண்டவாளம் ஆறத் தொடங்கியிருக்கும்.