நூற்றுப் பத்துக்கு எழுபது

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் சமைக்கலாம், ஒரே கொடியில் துணி காயப்போடலாம். ஒரே இடத்தில் ஒரே வேலைக்கு மட்டும் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு பேரையும் விட்டு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

மூத்தவள் பதினோரு வருடமாகச் சுகாதாரப் பணியாளர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் அளப்பது, குழந்தைகளுக்கு ஊசி நாளை ஞாபகப்படுத்துவது என்று கால் தேய நடந்தவள். இளையவள் வந்து இரண்டே வருடம் ஆகிறது. அந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே மூத்தவள்தான். அதை மூத்தவள் ஒரு நாளும் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்க விடவும் இல்லை.

கைபேசி வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவரை மூன்று தடித்த பதிவேடுகள். மூத்தவளின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மேற்பார்வை நர்ஸ் அதைத்தான் எல்லோருக்கும் விரித்துக் காட்டுவார். பிறகு ஆளுக்கொரு கைபேசியைக் கையில் கொடுத்தார்கள். இங்கே அளந்ததை இங்கேயே தட்டினால், இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே தெரியும். அழுத்தம் ஏறியிருந்தால் அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும். டாக்டரே இல்லாத பக்கத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? அதோடு விட்டார்களா? வெள்ளிக்கிழமைதோறும் பணியாளர்கள் பதினெட்டுப் பேரையும், யார் விடாமல் விரைவாகப் பதிகிறார்கள் என்று வரிசைப்படுத்தி ஒரு பட்டியலும் போட்டுத் தொலைத்தார்கள்.

முதல் பட்டியலில் இளையவள் முதலிடம். மூத்தவள் ஏழாவது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. இளையவளுக்குக் கட்டை விரல் அந்தக் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். மூத்தவள் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்த வேண்டும். வயிறு எரிந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் புருஷன் வேறு எண்ணெய் ஊற்றினான்.

"நீயும் அவகிட்ட கொஞ்சம் கத்துக்கயேன்."

"நான் கத்துக்குடுத்துதான் அவ வேலைக்கே வந்தா" என்று சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை டங்கென்று வைத்தாள். அன்றைக்கு யாரும் இரண்டாவது முறை குழம்பு கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் இளையவள் முழுகாமல் இருந்தாள். யார் வீடு எந்தத் தெருவிலோ அந்தத் தெருப் பணியாளரின் பட்டியலில்தான் கர்ப்பிணி சேர வேண்டும், தன்னைத் தானே பதிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. வீடு மூத்தவளின் தெருவில். ஆக, இளையவள் மூத்தவளின் கணக்கில் வந்து சேர்ந்தாள்.

முதல் தடவை மூத்தவள் முறைப்படிதான் செய்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றினாள்.

"அக்கா, பட்டைய இன்னும் கொஞ்சம் மேல கட்டுங்க. அப்பத்தான் சரியா காட்டும்" என்றாள் இளையவள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். மூத்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கைகளில் பட்டை கட்டியிருப்பாள்? இவள் வந்து சொல்லித்தர வேண்டுமா? கருவி காட்டிய நூற்றுப் பத்துக்கு எழுபதைப் பதிந்துவிட்டு எழுந்தவள்தான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தக் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆனால் மாதாமாதம் எண்ணைப் போடாவிட்டால் பட்டியலில் இடம் இறங்கிவிடும். அதனால் போட்டாள். அடுத்த மாதம் நூற்றுப் பன்னிரண்டுக்கு எழுபத்திரண்டு. அதற்கடுத்த மாதம் நூற்றெட்டுக்கு எழுபது. பிறகு மறுபடி நூற்றுப் பத்து. வேறு எந்தக் கர்ப்பிணிக்கும் அவள் இப்படிச் செய்ததில்லை, செய்யவும் மாட்டாள். கொட்டும் மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் அளந்துவிட்டு வருவாள். இது நம் வீட்டு ஆள்தானே, தினமும் கண்ணெதிரே திரிகிறாள், தின்கிறாள், தூங்குகிறாள், அவளுக்கு என்ன கேடு என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய்ச் சமாதானம். தொட்டு அளக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இதற்கிடையே விரலும் பழகிவிட்டது. ஏழு நான்காயிற்று, நான்கு இரண்டாயிற்று. இளையவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, கூட்ட அறையில் மேற்பார்வை நர்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு மூத்தவளை எழுந்து நிற்கச் சொன்னார். முதலிடம். அடுத்த மாதத்திலிருந்து மற்ற ஊர்ப் பணியாளர்களுக்கு இந்தச் செயலியைக் கற்றுக்கொடுக்கும் வேலையும் அவளுக்குத்தான்.

கை தட்டினார்கள். மூத்தவள் யாரையும் பார்க்கவில்லை. இளையவளின் முகத்தைத்தான் பார்த்தாள். இத்தனை நாள் தான் வெந்ததில் கால் பங்காவது அவள் வேக வேண்டாமா? இளையவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். நடிக்கிறாள் என்று மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூத்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இளையவள் சொன்னாள், "அக்கா, உங்க பேரைத் திரும்பத் திரும்பப் பாக்கறேன், ரெண்டு ரெண்டா தெரியுது. காலைலருந்து தலை வேற விண்ணு விண்ணுங்குது."

மூத்தவளின் கண் கீழே போனது. இளையவள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். இரண்டு பாதமும் பொதபொதவென்று வீங்கி, செருப்பு வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. முகமும் உப்பியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாளும் அந்த முகத்தை அவள் நேராகப் பார்க்கவே இல்லை.

பையிலிருந்து கருவியை எடுத்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பன்னிரண்டு. பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நூற்று எழுபத்து நான்கு. இந்த எண்ணும் இந்தத் தலைவலியும் சேர்ந்தால் அடுத்து வலிப்புதான், தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடக்கூடும் என்று பதினோரு வருட அனுபவம் அவளுக்குச் சொன்னது.

ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போட்டாள். வண்டி அனுப்பும் பிரிவில் இருந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பேசினார்.

"நாலு மாசமா நூத்திப் பத்து, நூத்திப் பன்னெண்டுன்னுதானேம்மா இருக்கு. ஒம்பது நாளைக்கு முன்னாடிகூட நல்லாருக்கு. திடீர்னு இவ்ளோ ஏறுமா? மிஷின் கோளாறா இருக்கும். ஒரு மணி நேரம் படுக்க வச்சு வேற மிஷின்ல பாருங்க. இருக்கறது ஒரே வண்டி, கால் உடைஞ்ச கேஸுக்குக் கெளம்பிட்டிருக்கு."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ரெக்கார்டு தப்பா?"

அறையில் பதினேழு பேர் இருந்தார்கள். மேற்பார்வை நர்ஸ் இருந்தார். மூத்தவள் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்க முடியுமா என்று ஒரு கணம் தேடினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் இளையவள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"தப்புதான்" என்றாள். "மொத மாசம் மட்டுந்தான் அளந்தேன். மத்ததெல்லாம் நானா போட்டது. அளக்கவே இல்ல. வண்டிய இங்க திருப்புங்க."

வண்டி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை வலிப்பு வந்தது. உடனே உள்ளே தூக்கிப் போய் அறுவை செய்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. பிழைத்தது. தாயும் பிழைத்தாள். நல்ல வேளை, நேரத்தோடு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னதை மூத்தவள் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டாள்.

கைபேசியை மேற்பார்வை நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். வீட்டில் புருஷன் பேச்சை நிறுத்திக்கொண்டான். மூன்றாம் நாள் மூத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலோரம் நின்றாள்.

"உக்காருங்கக்கா" என்றாள் இளையவள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அளக்காமலே போடறீங்கன்னு. என் கைல பட்டை கட்டலைன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன்டி வாயத் தெறக்கல?"

"எனக்கு என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன். சொன்னா நீங்க கீழ போயிடுவீங்க. ஒரு தடவையாவது மொதல்ல வந்துட்டீங்கன்னா எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசுவீங்கன்னு பாத்தேன்."

அந்த இடத்தில் மூத்தவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. உயிரைப் பணயம் வைத்து விட்டுக்கொடுத்திருக்கிறாள் இந்தச் சிறுக்கி. இதை இனி எப்படி எட்டிப் பிடிப்பது?

"இதுலயும் நீதான் மொதல்லயா?" என்றாள்.

இளையவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் வலிக்குது."

அதற்கப்புறம்தான் மூத்தவள் அழுதாள்.