நாற்பது சதவீத வெளிச்சம்

"அதை நாப்பதுல வை தம்பி."

துக்கம் கேட்க வந்த நாலைந்து பெண்களுக்கு நடுவிலிருந்து அவள் எழுந்தேவிட்டாள். காலையில்தான் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். மீன்தொட்டியின் விளக்குத் திருகில் கை வைத்திருந்த அவள் தம்பி திரும்பினான். அழுது அழுது அவன் மூக்கு சிவந்திருந்தது.

"அத்தான் அறுபதுக்குக் கீழ இறக்கவே மாட்டாரேக்கா. இன்னைக்காவது அவர் இஷ்டப்படி இருக்கட்டும்."

"அவர் இஷ்டம்தான்டா. நாப்பதுல வை."

அவள் கணவர் முப்பது வருடம் நாடக மேடைகளுக்கு விளக்குப் போட்டவர். வெளிச்ச விஷயத்தில் அவரிடம் வாய்கொடுத்து யாரும் மீண்டதில்லை. ஓய்வு பெற்றதும், பச்சை நிறக் கடல்பவளம் வளர்க்கிறேன் பேர்வழி என்று கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்தார். விளக்கு அறுபது சதவீதம். "கதாநாயகிக்கு வெளிச்சத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது" என்பார். கதாநாயகியோ மூன்று வருடமாக நகக்கண் அளவுகூட வளரவில்லை. வெளுத்துக்கொண்டே போனாள்.

நான்கு மாதத்துக்கு முன் அவர் படுத்த படுக்கையானபோது, கட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார். தூக்கத்தில் வெளிச்சம் பட்டு அவர் முகம் சுளிப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி நாற்பதுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "அறுபதுதானே?" என்று தினமும் கேட்பார். "அறுபதேதான்" என்று கூசாமல் சொல்வாள்.

பவளத்துக்குப் பச்சை திரும்பியது. பக்கவாட்டில் புதிதாக ஒரு கிளைகூட விட்டது. "பாத்தியா என் அறுபதை!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

நேற்றுக் காலை அவள் கையைப் பிடித்தார். "நான் போனப்பறமும் அறுபதை மாத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

தினப்படிப் பொய் வேறு, இது வேறு. சத்தியம் செய்து காப்பாற்றினால் பவளம் போய்விடும். மீறவோ மனம் வராது.

"அறுபது இல்லைங்க. இப்ப நாப்பதுதான். உங்களுக்குக் கண்ணு கூசுதேன்னு நான்தான் குறைச்சேன்."

திட்டு விழப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"என்னது?"

"தொட்டி மங்கலாத் தெரிஞ்சுதுடி. கண்ணும் போயிடுச்சுன்னு நெனச்சேன். நீ பயந்துடுவியேன்னு சொல்லல."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "கள்ளி! அப்ப மூணு வருஷமா நான்தான் அவளை வறுத்தெடுத்திருக்கேன்!" சிரிப்பில் இருமல் வந்தது. அவர் நெஞ்சைத் தடவிவிட்டபடி அவளும் சிரித்தாள். அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"நாப்பதே இருக்கட்டும்" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அதன்பின் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே கிடந்தார். எதிர்ச்சுவர் நாள்காட்டியில் தேதியைப் படித்தார். அவள் சட்டைக் கையில் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்து, "இதைக்கூடப் பாக்கலையா நீ? உனக்குத்தான் கண்ணு போச்சு" என்று கேலி செய்தார். பிற்பகலில் பவளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் தண்ணீர் எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.

தம்பி திருகை நாற்பதுக்கு இறக்கினான். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கண்ணு மங்குதுன்னு என்கிட்ட போன்ல சொன்னாருக்கா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. கடைசியில கண்ணுக்கு ஒண்ணும் தெரியாமலே போயிட்டாரா?"

"யாரு சொன்னா? இதுகூடத் தெரிஞ்சுதுடா அவருக்கு!"

தையல் விட்ட சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி அருகில் வந்து, "கழட்டிக் குடுங்க, ரெண்டு தையல் போட்டுத் தரேன்" என்றாள்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் நாற்காலியைத் தொட்டியின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். புதுக் கிளை தன் சின்ன விரல்களை விரித்துக்கொண்டிருந்தது.