முத்துவேலுக்குச் சொன்ன முடிவு

1

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். மோட்டாரைப் போட்டேன். ஒரு தம்ளர் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன். ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசினேன். பிறகு முத்துவேலைக் கூப்பிட்டேன்.

இதில் 'நான்' சரியாக வரவில்லை. மூன்று முறை எழுதி அடித்தேன். ஆகவே இனி இவன் வாஞ்சிநாதன். வயது முப்பத்தொன்று. மட்டாஞ்சேரியில் வாடகை வீடு, காக்கநாட்டில் வேலை. மனைவி இறந்து பத்து மாதம். 'அவன்' என்று எழுதும்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் வாஞ்சிநாதன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் முத்துவேல் குடிக்காமல் இருக்கிறான். நாளை ஞாயிற்றுக்கிழமை அவன் குடியை விட்டு ஒரு வருடம் நிறைகிறது.

2

குடியை விட்டவர்கள் ஆறு பேர். தலைவர் என்று யாரும் இல்லை. முதலில் விட்டவர் கமாலுதீன் பாய். சுள்ளிக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் ஒருவரைக் கூப்பிடுவார். "எந்திரிச்சாச்சா?" என்பது கேள்வி. "எந்திரிச்சாச்சு, இன்னிக்கு இல்ல" என்பது பதில். பதில் சொன்னவர் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். ஆறாவது ஆள் திரும்பப் பாயைக் கூப்பிடுவார். ஆறரைக்குள் அந்த ஃபோன் வரவில்லை என்றால், பாய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எந்த இடத்தில் அறுந்தது என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். அறிவுரை கிடையாது. சாயா வாங்கிக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

(கட்டுரை மாதிரி ஆகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது.)

அந்த வரிசையில் இரண்டாவது ஆள் பொன்மணி, வாஞ்சிநாதனின் மனைவி. ஆம், குடித்தவள் அவள்தான். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. முதல் வரைவில் இதை மாற்றி எழுதியிருந்தான்: குடித்தது கணவன், மீட்டது மனைவி. எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. பொன்மணி மட்டும் அதில் இல்லை. கிழித்துப் போட்டான்.

3

பொன்மணி எப்படிப்பட்டவள் என்றால்

(இந்த வாக்கியம் நான்கு நாளாக இப்படியே நிற்கிறது.)

பதினான்கு மாதம் குடிக்காமல் இருந்தாள். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளுடைய ஃபோன் அடித்தது.

"எந்திரிச்சாச்சா?"

"பாய்... அவ இல்ல பாய்."

"தெரியும் மோனே. நேத்து நான்தானே உன் பக்கத்துல நின்னேன். உன்னைத்தான் கேக்குறேன். எந்திரிச்சாச்சா?"

"எந்திரிச்சாச்சு."

"அப்ப முத்துவேலைக் கூப்பிடு. காத்துட்டு இருப்பான்."

"நான் குடிக்கிற ஆளே இல்லையே பாய்."

"அது உன் குத்தம். ஃபோனைப் போடு."

4

முத்துவேல் டைல்ஸ் பதிக்கிறவன். அப்பாவும் அம்மாவும் தேனிப் பக்கம். அவன் பிறந்தது இங்கே. பேசுவது தமிழ். எழுதப் படிக்க மலையாளம்தான்.*

* இதைத் தமிழில் எழுதுவதே அதனால்தான். அவனால் படிக்க முடியாது. கோழைத்தனம் என்று தெரியும்.

பொன்மணி போன பதினாறாம் நாள் காலை அவன் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை.

"சேட்டா, குப்பி முன்னால இருக்கு. மூடி தொறந்தாச்சு. வாசம் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."

பொன்மணியாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி, நடுவில் கிண்டலடித்து, எப்படியோ அவனைச் சிரிக்க வைத்திருப்பாள். வாஞ்சிநாதனுக்கு ஒன்றும் வரவில்லை.

"சேச்சி போறப்ப என்ன சொல்லிச்சு சேட்டா?" என்றான் முத்துவேல்.

"உன் பேரைத்தான்டா சொன்னா. 'முத்துவேலைக் கூப்பிடு, அவன் தனியா இருப்பான்'னு சொன்னா."

அந்தப் பக்கம் எதையோ வாஷ்பேசினில் கவிழ்க்கிற சத்தம். தீர நேரமானது. பெரிய குப்பிதான் போலிருக்கிறது.

"இன்னிக்கு இல்ல சேட்டா." அழுதுகொண்டே சொன்னான்.

வாஞ்சிநாதன் அழவில்லை. அவனுக்கு இன்னும் அழுகை வரவில்லை. (இதை ஒரு குணச்சித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவல், அவ்வளவுதான்.)

5

ஞாயிறு நான்கு மணிக்குத் தையல் கடையில் எல்லோரும் கூடுவார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. குடித்தேன் என்று சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பொய் மட்டும் சொல்லக்கூடாது. அந்தக் கடையில் வாரம் தவறாமல் முத்துவேல், சேச்சி கடைசியாகச் சொன்னதைச் சொல்கிறான். புதிதாக வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

முந்தாநாள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஞாயிறாழ்ச்ச நான் பேசல சேட்டா. நீங்க பேசணும்."

"நான் என்னத்தப் பேச?"

"சேச்சி சொன்னது. கேட்ட ஆள் வாயிலேர்ந்து வரட்டும். இந்தச் செல்வலட்சுமி இருக்காளே, சினிமாக்கதை விடுறேன்னு என்னைக் கேலி பண்றா."

செல்வலட்சுமி வரிசையில் அவனுக்கு அடுத்தவள். தினமும் காலையில் அவன் கூப்பிட வேண்டியது அவளைத்தான்.

"சும்மா வம்புக்குச் சொல்லுவாடா."

"அதான் சேட்டா. நீங்க எந்திரிச்சு நின்னு சொன்னா வாயடச்சுப் போகும். எனக்காக. ஒரே ஒரு தடவ."

6

முடிவு ஒன்று. வாஞ்சிநாதன் உண்மையைச் சொல்கிறான். முத்துவேல் எழுந்து வெளியே போகிறான். திங்கட்கிழமை காலை அவன் ஃபோனை எடுக்கவில்லை. பாய் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறார்.

முடிவு இரண்டு. உண்மையைச் சொல்கிறான். முத்துவேல் சிரிக்கிறான்: "எனக்கு அன்னிக்கே தெரியும் சேட்டா." (அழகாக இருக்கிறது. எழுதுகிறவனுக்கு வசதியாகவும் இருக்கிறது. ஆனால் அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.)

முடிவு மூன்று. பொய்யையே நின்று சொல்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அவள் உண்மையில் சொன்னது உலகத்தில் எங்கேயும்

7

இங்கே 'அவன்' ஓடவில்லை. நானே சொல்கிறேன்.

நேற்றுப் பாயின் கடைக்குப் போனேன். காஜா போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு பொய் ஒருத்தனுக்கு நல்லது பண்ணிட்டு இருக்குன்னா?"

"இருபது வருசம் வீட்டுல நல்ல நல்ல பொய்யாச் சொன்னவன் மோனே நான். போயும் போயும் என்கிட்டயா கேக்குற?"

ஊசியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது.

நான் குடிக்காதவன். எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதைக் கேட்டால் முத்துவேல் உடைந்துபோவானா, அல்லது என்னைவிட அவனுக்குத்தான் அது நன்றாகப் புரியுமா? அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் பாதி எனக்குக் கேட்பதே இல்லை.

நாளை நான்கு மணி. பெஞ்சு போட்டிருப்பார்கள். நீங்களும் வந்து கடைசியில் ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். நான் எழுந்து நிற்கும்போது எதைச் சொல்ல வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னால் ஆகவில்லை. அதற்கு அவள் சொன்னது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பகல் பதினொன்றரை மணி. அவள் கை என் கையில் இருந்தது. கண்ணைத் திறந்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

"இப்பக்கூட ஒரு மடக்கு வேணும்போலத்தான் இருக்கு, பாத்தியா."