முதல் சிணுங்கல்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பெடுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. ஆறு ஆண்டுகளில் எந்தத் தொலைபேசியையும் இரண்டாம் முறை மணியடிக்க அவள் விட்டதில்லை. அந்தப் பெருமையை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினையாயிற்று. எட்டு மாத மகன் தொட்டிலில் ஒருமுறை சிணுங்கினால் போதும், மறுகணம் அவள் தோளில் இருப்பான். பன்னிரண்டு மணி, ஒன்றரை, மூன்று, நாலேகால் என்று இரவு துண்டு துண்டாகக் கிழிந்தது. தையற்காரரான கணவர் பிள்ளைக்குச் சைரன் என்றே பெயர் வைத்துவிட்டார்.

“சைரன் அடிச்சாச்சு, வண்டி கிளம்பியாச்சு” என்று போர்வைக்குள்ளிருந்து முனகுவார்.

“பேசாம படுங்க. நேத்து ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சுத் தைச்சவர்தானே நீங்க?”

“ரெண்டு கைதான். ரெண்டும் இடது கை.”

மருத்துவர் பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா கொழுகொழுன்னு இருக்கான். ராத்திரிப் பாலே வேண்டாம், தூங்கினா போதும்” என்றார். யார் தூங்கவைப்பது என்பதை மட்டும் சீட்டில் எழுதித் தரவில்லை.

இப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஆம்புலன்ஸைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாள். அருகில் வேறொரு வண்டி இருந்ததால் நோயாளி பிழைத்தார். மேற்பார்வையாளர் அம்மையார் அவளை அழைத்து உட்காரவைத்தார்.

“வெள்ளிக்கிழமை காலை ஷிப்டுல உன் பக்கத்துல நான் உக்காருவேன். இன்னொரு தப்பு நடந்தா உன்னைக் கோப்பு அறைக்கு மாத்தறதைத் தவிர வழியில்லம்மா. இந்தா, உன் குரலை நீயே கேளு.”

ஒலிப்பதிவில் ஒரு முதியவர் மூச்சிரைத்தார். “வடக்குத் தெரு…” என்று சொல்லி, மூச்சு வாங்க நின்றார். அந்த இடைவெளிக்குள் அவள் குரல் பாய்ந்தது: “புரிஞ்சுதுய்யா, வண்டி வந்துட்டே இருக்கு!” அவர் சொல்ல வந்ததோ, வடக்குத் தெருவுக்குப் பின்னாலிருந்த சந்து. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்றிரவு ஒன்றரை மணிக்குப் பிள்ளை சிணுங்கினான். அவள் கைகள் தொட்டிலுக்குள் பாதி போய்விட்டன. அப்போதுதான் அந்த முதியவரின் மூச்சு நினைவுக்கு வந்தது. ‘இவனாவது சொல்லி முடிக்கட்டும்’ என்று கைகளை இழுத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

அவன் கண்கள் மூடியிருந்தன! உதட்டைப் பிதுக்கினான், காலை ஒருமுறை உதறினான், ஒருக்களித்துப் படுத்து, பெருமூச்சொன்று விட்டு, ஆழ்ந்து உறங்கிப்போனான். அவன் விழிக்கவே இல்லை. இத்தனை நாளும் உறங்கும் பிள்ளையைத் தூக்கித் தூக்கி எழுப்பியவள் அவளேதான்.

“என்னங்க,” என்று கணவரை உலுக்கினாள். “நான்தாங்க இவனை எழுப்பிட்டு இருந்திருக்கேன்!”

“இப்போ என்னையும் எழுப்பிட்டே” என்றார் அவர்.

மறுநாள் இரவு அவன் மெய்யாகவே கண் திறந்து அழுதான். அவள் தூக்காமல் முதுகில் கை வைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் அடங்கினான். வியாழன் இரவு வந்தது. அதன் பிறகு அவள் கண்டது சுவரில் விழுந்த வெயிலைத்தான்.

பதறி எழுந்தாள். பிள்ளையின் மார்பு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கணவரும் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடி, சத்தமில்லாமல் குதித்தார்கள்.

காலை ஷிப்டில் ஒரு சிறுமி அழைத்தாள். “எங்கம்மா…” என்று தொடங்கித் தேம்பினாள். மேற்பார்வையாளரின் பார்வை கடிகாரத்துக்குப் போயிற்று. அவளோ, “நான் இங்கயேதான் இருக்கேன் கண்ணு” என்றதோடு காத்திருந்தாள். “படியில விழுந்துட்டாங்க. பழைய மார்க்கெட்டு… அதுக்கு எதிர்ல, பச்சை கேட்டு.” வண்டி நேரே பச்சை கேட்டின் முன் போய் நின்றது.

ஷிப்டு முடிந்ததும் மேற்பார்வையாளர் காதொலிப்பானைக் கழற்றினார்.

“ஒரு தப்பு இல்ல. கோப்பு அறைக்கு வேற ஆளைத்தான் தேடணும். அதிருக்கட்டும், முகம் ஏன் இப்படிப் பளிச்சுன்னு இருக்கு?”

“எட்டு மணி நேரம் மேடம்! பையன் ஒரே மூச்சா எட்டு மணி நேரம் தூங்கினான்!”

அந்த அறையில் பிள்ளை பெற்றவர்கள் நால்வர் இருந்தனர். நால்வரும் எழுந்து நின்று கைதட்டினர்.